அவன் திரும்பும் பக்கம்

என் மகன் எப்போதும் வலப்பக்கமே திரும்பிப் பார்த்தானே, அது அவன் கழுத்தின் குணமா, நாங்கள் அவனைப் படுக்கவைத்த விதத்தின் விளைவா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தெரியாமலே மருத்துவரிடம் மறுபடி போகவேண்டிய வேளை நெருங்கிவிட்டது. அவர் கேட்கப்போகும் முதல் கேள்வியும் இதுதான்.

நான் இதை முதலில் கவனித்தது கைபேசியில். அம்மாவுக்கு அனுப்ப ஒரு நல்ல படம் தேடிக்கொண்டிருந்தேன். விரலால் தள்ளத் தள்ள எல்லாப் படத்திலும் ஒரே கன்னம். சிரிக்கிற படம், தூங்குகிற படம், பால் வழிகிற படம், எல்லாவற்றிலும் முகம் வலப்பக்கம். இடக்கன்னம் மட்டும் தெரிகிறது. அன்று குளிப்பாட்டும்போது தலையை மேலிருந்து பார்த்தேன். பின்னந்தலையின் வலப்பக்கம் தட்டையாக இருந்தது, கூடையின் அடியில் கிடந்து அமுங்கிய பழம்போல. ஐந்து மாதமாக நான் தினமும் தடவிய தலை அது. எப்படிக் கண்ணில் படாமல் போனது? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

எங்கள் வீடு ஜவ்வாது மலையில், என் கணவர் வேலை பார்க்கும் பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய குடியிருப்பு. முன்னறை தெற்கு வடக்காக நீளம், கிழக்கு மேற்காக மிகவும் குறுகல். வாசல் கிழக்கே. சமையலறைக்குப் போக அறையை நீளவாக்கில் கடக்கவேண்டும். அதனால் தொட்டிலைக் குறுக்கே போட வழியில்லை, நீளவாக்கில்தான் போடமுடியும். அதாவது குழந்தையின் தலை தெற்கே இருக்கலாம், இல்லையென்றால் வடக்கே இருக்கலாம். மூன்றாவது வழி இல்லை. வடக்கே தலை வைக்கக்கூடாது என்பது எல்லா வீட்டிலும் இருக்கிற பேச்சு. எனவே தெற்கே வைத்தோம். தெற்கே தலை வைத்து மல்லாந்து படுத்தால் வாசல் அவனுக்கு வலப்பக்கம். வெளிச்சம் வலப்பக்கம், ஆட்கள் வருவதும் வலப்பக்கம். என் நாத்தனாரின் தையல் மெஷினும் வலப்பக்கம்.

நாத்தனார் என் கணவரின் அக்கா; நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். மலைக்குக் கீழே சந்தவாசல் ஊரில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவர். நான் என் ஆய்வேட்டை எழுதி முடிக்கும்வரை குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருகிறேன் என்று அவரே சொன்னார். மெஷினையும் பேருந்தில் ஏற்றிக்கொண்டு மலைக்கு வந்தார். பகலில் சில மணி நேரம் நான் பள்ளியின் கணினி அறையில் உட்கார்ந்து எழுதுவேன். வீட்டில் சிக்னல் நிற்காது. பால் கொடுக்க இடையில் ஓடிவருவேன். நான் வரும்போதெல்லாம் குழந்தை அண்ணியின் மடியில் இருப்பான். மெஷின் சூடாக இருக்கும். என்ன அன்பு என்று நினைத்துக்கொள்வேன்.

என் ஆய்வு மீக்கடத்திப் படிகங்களைப் பற்றியது. மிகவும் குளிரவைத்தால் மின்சாரத்தைத் தடையே இல்லாமல் கடத்துகிற பொருள்கள் அவை. காந்தப்புலத்தில் வைத்தால் அதை உள்ளே விடாமல் எதிர்த்து நிற்கும். அந்த எதிர்ப்பைத்தான் காந்தமாக்கம் என்று அளக்கிறோம். என் படிகம் ஒரு கருத்த மின்னும் சில்லு. வெட்டிப்போட்ட நகத்துணுக்கைவிடச் சிறியது. உள்ளே அணுக்கள் புத்தகத்தின் தாள்களைப்போல அடுக்கடுக்காக இருக்கும். தாளின் பரப்பில் மின்சாரம் எளிதாக ஓடும். ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்குத் தாவச் சிரமப்படும். அதனால் காந்தப்புலம் தாள்களுக்குச் செங்குத்தாக வந்தால் ஒரு மாதிரியும், தாள்களோடு இணையாக வந்தால் வேறு மாதிரியும் படிகம் பதில் சொல்லும். இந்தத் திசை வேறுபாட்டை அளப்பதுதான் என் வேலை.

செங்குத்தாக வைத்தபோது எதிர்ப்பு பெரிதாக இருந்தது, இணையாக வைத்தபோது சிறிதாக இருந்தது. நான் மகிழ்ச்சியாக வரைபடத்தை எடுத்துக்கொண்டு என் நெறியாளரிடம் போனேன். அவர் அதைத் தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "இது படிகத்தோட குணமா, அதோட வடிவத்தோட குணமாம்மா?"

அது நியாயமான கேள்வி. உள்ளே எந்த அடுக்கும் இல்லாத ஒரு மீக்கடத்தியைத் தட்டையாக வெட்டி வைத்தாலும், அந்தத் தட்டைப் பரப்புக்குச் செங்குத்தாகப் புலம் வந்தால் எதிர்ப்பு பெரிதாகத்தான் தெரியும். தட்டையாக இருப்பதே ஒரு திசையை உண்டாக்கிவிடும். உள்ளிருந்து வருவது எவ்வளவு, வெளிவடிவத்திலிருந்து வருவது எவ்வளவு என்று பிரிக்காமல் எதையும் சொல்லக்கூடாது. சில்லின் நீள அகலத்தை அளந்து, வடிவத்தின் பங்கைக் கணக்குப் போட்டுக் கழிக்கலாம். ஒரு அத்தியாயம் முழுக்க நான் அதைத்தான் செய்திருக்கிறேன்.

குழந்தையின் தலையை மேலிருந்து பார்த்த அன்று எனக்கு நெறியாளரின் குரல்தான் கேட்டது. தலை ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. தட்டையான பக்கமாக உருண்டு நிற்பது எந்த உருண்டைக்கும் இயல்பு. அவன் வலப்பக்கம் பார்ப்பதால் தட்டையானதா? தட்டையாக இருப்பதால் வலப்பக்கம் உருள்கிறதா? அல்லது இரண்டுக்கும் அடியில் கழுத்துத் தசையில் ஏதாவது இறுக்கம் இருக்கிறதா? இங்கே எதை அளந்து எதைக் கழிப்பது?

கீழே இறங்கிக் குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். அவர் கழுத்தின் இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தார். பொம்மையைக் காட்டித் திருப்பிப் பார்த்தார். அவன் கொஞ்சம் திரும்பினான், பிறகு வீறிட்டான்.

"லேசா இறுக்கம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். படுக்கிற பக்கத்த மாத்துங்க. முழிச்சிருக்கும்போது கவுத்துப் போடுங்க. கழுத்துக்கு இந்தப் பயிற்சியச் செய்ங்க. மழை முடிஞ்சதும் கூட்டிட்டு வாங்க. அப்பவும் இப்படியே இருந்தா வேலூர்ல கழுத்துக்குத் தனியா சிகிச்சை ஆரம்பிச்சிடலாம், தள்ளிப்போட வேணாம்" என்றார். நாங்கள் எழுந்தபோது இன்னொன்றும் சொன்னார்: "ஒண்ணு மட்டும் நல்லா கவனிங்கம்மா. அவன் தானா திரும்புறானா, எதையாவது பாக்கறதுக்காகத் திரும்புறானா? அத எனக்கு வந்து சொல்லணும்."

வீட்டுக்கு வந்ததும் தொட்டிலில் அவன் தலையை வடக்கே மாற்றி வைத்தேன். இப்போது வாசல் அவனுக்கு இடப்பக்கம். வெளிச்சத்தைப் பார்க்கவேண்டுமென்றால் இடப்பக்கம் திரும்பியாகவேண்டும். எனக்கு அது மிக எளிய காரியமாகத் தோன்றியது. புலத்தைத் தொடாமல் படிகத்தை மட்டும் திருப்பிவைப்பதைப்போல.

அண்ணி நூலைப் பல்லால் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா இது? வடக்கால தல வெக்கிற?"

"டாக்டர் மாத்தி வைக்கச் சொன்னார் அண்ணி."

"மாத்தி வெக்கச் சொன்னாரா, வடக்கால வெக்கச் சொன்னாரா?"

"இந்த ரூம்ல மாத்தினா வடக்குதான் வரும்."

"அப்ப ரூம மாத்து." என் கணவர் உள்ளே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டார். "டேய், ஒம் பொண்டாட்டி புள்ளய வடக்கால போட்டிருக்கா. பாத்துனு சும்மா நிக்கிற?"

அவர் என்னையும் பார்த்தார், அக்காவையும் பார்த்தார். "அக்கா சொல்றதும் சரிதான். நீ சொல்றதும் சரிதான்" என்றார்.

"ஆமா, நீ வாத்தியாரு. எல்லா புள்ளைக்கும் பாஸ் மார்க்கு போட்ருவ." அண்ணி என் பக்கம் திரும்பினார். "சரி, நீ காந்தம் படிச்சவ. ஒன்னியே கேக்கறேன். வடக்கால தல வெச்சா ரத்தத்துல கீற இரும்ப பூமியோட காந்தம் இழுக்கும்னு போன்ல ஒருத்தன் படம் போட்டுச் சொல்றான். அது பொய்யா?"

"பொய்தான் அண்ணி. ரத்தத்துல இருக்கிற இரும்பு ஆணி மாதிரி ஒட்டிக்கிற இரும்பு இல்லீங்க. பூமியோட காந்தம் ரொம்பச் சின்னது. நாங்க லேபுல வைக்கிறது அதைவிட பல்லாயிரம் மடங்கு பெரிசு."

"அப்ப வடக்கால வெச்சா ஒண்ணும் ஆவாது. உறுதியா?"

நான் அங்கேயே வாயை மூடியிருக்கலாம். ஆனால் உறுதியா என்று யாராவது கேட்டால் என்னால் உடனே தலையாட்ட முடிவதில்லை. எதையும் உறுதி என்று எழுதக்கூடாது என்று பல வருடம் பழக்கிவிட்டார்கள்.

"பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"பெரும்பாலுமா!" அண்ணி மெஷினை நிறுத்தினார். "மீதி கொஞ்சத்த என் தம்பி புள்ளய வெச்சிப் பாக்கணுமா?"

என் கணவர் சிரித்துவிட்டார். நானும் சிரிக்க முயன்றேன். அன்று முழுக்க அந்த மீதி கொஞ்சம் எனக்குள் குடைந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த இயற்பியலில் அந்த மீதி எங்கேயும் இல்லை. ஆனாலும் அவன் தூக்கத்தில் ஒரு முறை விக்கியபோது எழுந்துபோய்த் தலையை வடக்கிலிருந்து லேசாகக் கோணலாகத் திருப்பி வைத்தேன். ஏன் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கோணத்துக்கு என்ன பலன் என்றும் தெரியாது.

மறுநாள் நான் பிடிவாதமாக வடக்கே வைத்துவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்பினேன். ஆச்சரியமாக அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. "போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றார். அதற்கடுத்த நாளும் அப்படியே. மனிதர்கள் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள், நாம்தான் பயப்படுகிறோம் என்று நினைத்தேன். நாள்தோறும் காலையில் வடக்கே தலை, கவிழ்த்துப் போடுதல், கழுத்துப் பயிற்சி. பயிற்சியின்போது அவன் அழுவான், எனக்கும் அழுகை வரும். அழுத்தம் அதிகமோ, குறைவோ, பக்கத்தையே மாற்றிச் செய்கிறேனோ என்று மருத்துவர் காட்டியதைக் கைபேசியில் எடுத்த பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

சாமை அறுவடை முடிந்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலை அவன் தானாக இடப்பக்கம் திரும்பி வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பிறகு அடிக்கடி திரும்பத் தொடங்கினான். அம்மாவுக்கு வலக்கன்னம் தெரிகிற முதல் படத்தை அனுப்பினேன்.

அந்த மகிழ்ச்சியில் எனக்கு ஓர் உறுத்தலும் இல்லை, இருந்திருக்கவேண்டும். ஆய்வகத்தில் ஒரு முறை இப்படி மகிழ்ந்து ஏமாந்திருக்கிறேன். ஜூஸ் குடிக்கிற பிளாஸ்டிக் குழாய் இருக்கிறதே, அதற்குள்தான் படிகச் சில்லைப் பொருத்தி அளவிடும் கருவிக்குள் இறக்குவோம். கருவியும் அதைக் குளிரவைக்கும் திரவமும் எவ்வளவோ விலை. படிகத்தைத் தாங்குவது மட்டும் டீக்கடைக் குழாய். அன்று சில்லைச் செங்குத்துத் திசைக்காகப் பஞ்சு வைத்துப் படுக்கப்போட்டிருந்தேன். இரண்டு திசையிலும் அளவு ஒன்றாகவே வந்தது. திசை வேறுபாடே இல்லாத படிகம் என்று குதித்தேன். குழாயை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், சில்லு பஞ்சைத் தள்ளிவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. காந்தப்புலம் ஏறியதும் தனக்கு வசதியான பக்கம் தானே புரண்டுவிட்டது. நான் வைத்த திசையை எழுதிக்கொண்டிருந்தேன். அது இருந்த திசையை அல்ல. வைத்துவிட்டு வந்ததாலேயே அது அப்படியே இருக்கும் என்று நம்பக்கூடாது என்று அன்றைக்குப் படித்தேன். படித்தது குழந்தை விஷயத்தில் எனக்கு நினைவுக்கே வரவில்லை.

மழை வலுத்த ஒரு நாள் பள்ளியைச் சீக்கிரம் விட்டார்கள். வாசல் பக்கம் தண்ணீர் தேங்கியிருந்ததால் பின்பக்கமாகச் சுற்றி வந்தேன். ஜன்னல் வழியே முன்னறை தெரிந்தது. தொட்டிலில் அவன் தலை தெற்கே.

உள்ளே போனேன். அண்ணி திடுக்கிடவில்லை. "இன்னா அதுக்குள்ள வந்துட்ட?" என்றார்.

"எவ்வளவு நாளா அண்ணி?"

"இன்னாது?"

"தெற்கே தலை."

"நீ மாத்தன மொத நாளேர்ந்துதான். நீ அந்தாண்ட போனதும் மாத்துவேன். கேட்டு தொறக்கற சத்தம் கேட்டா புள்ளய மடியில எடுத்துக்குவேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ மூஞ்சத் தூக்கிக்குவ. சொல்லாட்டி நீயும் சந்தோஷம், நானும் சந்தோஷம். இப்ப இன்னா கெட்டுப்போச்சு? புள்ள ரெண்டு பக்கமும் போய்ட்டு வர்றான், டவுன் பஸ்சு மாதிரி."

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் சண்டை போடத் திறந்த வாய் அப்படியே நின்றது, ஏனென்றால் அவன் என்னைப் பார்க்காமல் அண்ணியின் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடப்பக்கம். மெஷின் இப்போது மேற்குச் சுவரோரம் இருந்தது. அதை அங்கே மாற்றியதை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை. தெற்கே தலை வைத்தால் மேற்கு இடப்பக்கம். நான் இருக்கும்போது வடக்கே தலை, இடப்பக்கம் வாசல். நான் இல்லாதபோது தெற்கே தலை, இடப்பக்கம் மெஷினும் அத்தையும். நான் படிகத்தைத் திருப்பியிருக்கிறேன். அவர் புலத்தைத் திருப்பியிருக்கிறார்.

"மெஷினை எதுக்கு அண்ணி இந்தப் பக்கம் போட்டீங்க?"

"சாரல் அடிச்சு துணியெல்லாம் நனையுது. வேற இன்னாத்துக்கு?" என் முகத்தைப் பார்த்து ஊசியை நிறுத்தினார். "அழுவுறியா, சிரிக்கிறியா?"

"தெரியல அண்ணி."

"இதுவும் தெரியலியா!" என்றார்.

அன்று மாலை கைபேசியில் எல்லாப் படங்களையும் மறுபடி தள்ளிப் பார்த்தேன். அவன் இடப்பக்கம் திரும்பத் தொடங்கியது மெஷின் இடம் மாறுவதற்கு முன்பா, பின்பா? ஒரு படத்திலும் மெஷின் இல்லை. தொட்டிலின் திசை இல்லை. எல்லாம் முகத்துக்குப் பக்கத்தில் எடுத்த படங்கள். எது அவனைத் திருப்பியது என்று பிரிக்க வழியில்லை. வாசலா, மெஷினா, பயிற்சியா, கவிழ்த்துப் போட்டதா, அல்லது வளர்ந்ததால் அவனாகவே திரும்பினானா? அண்ணிக்கு அந்தச் சந்தேகமே இல்லை. "தெக்கால வெச்சதுதான் காரணம்" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டார். அவர் அதுவும் சரிதான் என்றார்.

போன வாரம் அண்ணி ஊருக்குப் போய்விட்டார். கல்யாண ரவிக்கைகள் காத்திருக்கின்றனவாம். மெஷினும் போய்விட்டது. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்தப் பக்கமாச்சும் வெய்யி, புள்ளய அழ வெக்காத" என்றார். நான் பேருந்து திரும்பும்வரை நின்றேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அண்ணி வைத்தபடி தெற்கே தலையோடு அவன் தொட்டிலில் மேற்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெஷின் இருந்த இடம். கொஞ்ச நேரத்தில் வலப்பக்கம் திரும்பினான். அதற்கு மறுநாள் பெரும்பாலும் வலப்பக்கம். நேற்று இரண்டு பக்கமும். தட்டை கொஞ்சம் குறைந்ததுபோல இருக்கிறது, குறையாததுபோலவும் இருக்கிறது. அண்ணி இருந்தால் இந்த வாக்கியத்துக்கே என்னைக் கிண்டல் செய்வார்.

ஆய்வகத்தில் இந்தக் குழப்பத்துக்கு ஒரு வழி உண்டு. மீக்கடத்திக்கு நினைவு உண்டு. ஒரு புலத்தில் வைத்து எடுத்தால், புலம் போன பிறகும் அதன் சுவடு உள்ளே சிக்கிக்கொண்டு நிற்கும். அப்போது படிகத்தை வெளியே எடுத்து, அறைச் சூட்டுக்கு வரவிட்டு, எந்தப் புலமும் இல்லாமல் மறுபடி குளிரவைப்போம். பழைய சுவடு அழிந்துவிடும். முதலிலிருந்து அளக்கலாம். என் மகனை முதலிலிருந்து அளக்க முடியாது. அவன் தலைக்கு நினைவு இருக்கிறது; அது எலும்பாகவே ஆகிக்கொண்டிருக்கிறது.

ஆனாலும் மருத்துவர் கேட்டதற்கு விடை வேண்டுமென்றால் ஒன்று செய்து பார்க்கலாம். சில நாள்களுக்கு அறையின் நடுவில் பாய் போட்டு, இரண்டு பக்கமும் ஒன்றும் வைக்காமல், வாசலைச் சாத்தி, பயிற்சியையும் நிறுத்திவிட்டு, அவன் தானாக எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று பார்ப்பது. வலப்பக்கமே போனால் கழுத்தில் ஏதோ இருக்கிறது என்று வேலூருக்கு உடனே கிளம்பலாம். இரண்டு பக்கமும் போனால் நிம்மதி. ஆனால் தலை இளசாக இருக்கிற நாள்கள் கொஞ்சம்தான். எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக அதில் சிலவற்றைச் சும்மா விடலாமா? விடாமல் எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்துகொண்டே போனால், அவன் திரும்புவான். ஏன் திரும்பினான் என்று தெரியாது. கழுத்தில் ஒளிந்திருக்கிற இறுக்கத்தை நானே பொம்மைகளைக் காட்டி மறைத்துவிட்டேன் என்றால்?

இன்று காலை தலையை வடக்கே வைத்தேன். மதியம் தெற்கே வைத்தேன். இதை எழுதும்போது அவன் என் இடது தோளில் தூங்குகிறான், முகம் வெளியே. அது எந்தப் பக்கம் என்று கண்ணாடியில் பார்த்தால் குழம்பிவிடுகிறது.

ஒரு பக்கமே பார்த்த குழந்தையை வளர்த்தவர்கள் இதைப் படித்தால் எனக்குச் சொல்லுங்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்? காரணம் தெரியாமலே எல்லாவற்றையும் செய்தீர்களா, ஒரு சில நாள் விட்டுப் பார்த்தீர்களா? விட்டுப் பார்த்ததால் ஏதாவது கெட்டதா? தானாகத் திரும்புகிறானா, எதையோ பார்க்கத் திரும்புகிறானா என்பதை எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள்? மழை விடுவதற்குள் நான் முடிவுசெய்யவேண்டும். எழுதும்போது உங்கள் வீட்டில் தலை எந்தப் பக்கம் இருந்தது, வாசல் எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வடக்கே என்றாலும் பரவாயில்லை, நான் அண்ணியிடம் சொல்லமாட்டேன்.